மேசைக்கு எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்? அறுவை அரங்கு அனுபவங்கள்

அறுவை மருத்துவர், ஈரோடு மாவட்டம்

எங்கள் மருத்துவமனைக்கு மாவட்டப் பயிற்சிக்காக ஒரு பி.ஜி. (முதுநிலை) மாணவி வந்திருக்கிறார். அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். படிக்கும் 3 வருடத்தில் 3 மாதம் இப்படி மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. வந்த புதிதில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது ஒன்றுதான்: "சார், இங்க எனக்குக் கேஸ் குடுப்பீங்களா?" படிப்பில் பாதி தாண்டிவிட்டது. ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷனில் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்த அனுபவம் நிறைய இருக்கிறது, கத்தி பிடித்தது மிகக் குறைவு. கேட்டதும் மனது கனத்துவிட்டது.

அவருடைய கல்லூரியில் யூனிட்டுக்குத் தலைவரான சீஃப் கற்றுக்கொடுக்க மனமில்லாதவர் அல்ல. யூனிட்டில் உதவிப் பேராசிரியர் இடம் காலி. தியேட்டர் நாளில் லிஸ்ட் நீளம். மயக்க மருத்துவர் ஒருவரே இரண்டு மேசையைப் பார்ப்பார், நடுவில் அவசர சிசேரியன் வந்தால் அங்கே ஓடுவார். பழகிய கை முக்கால் மணி நேரத்தில் முடிக்கிற ஹெர்னியாவுக்குப் புதுக் கை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருக்கும் கடைசி நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று சீஃப் தானே செய்துவிடுகிறார். ஆள் குறையும்போது முதலில் நின்றுபோவது பயிற்சிதான். ஆபரேஷன் நடந்துவிடுவதால் இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நான் படித்த காலத்தில், எங்கள் சீஃப் கை கழுவி வந்து உதவியாளர் பக்கம் நின்றுவிட்டார் என்றால் அந்தக் கேஸ் நம்முடையது. வாயால் அதிகம் சொல்ல மாட்டார். திசுவை அவர் இழுத்துப் பிடிக்கிற விதத்திலேயே எங்கே வெட்டலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். விந்துக்குழாயை ஒட்டி நம் கத்தரி போனால் அவருடைய ஃபோர்செப்ஸ் (இடுக்கி) குறுக்கே வந்து நிற்கும். வீடியோ பார்த்து இது வராது. அனுபவமுள்ள ஒருவர் தன் இரண்டு கையையும் நமக்காக ஒதுக்கித் தர வேண்டும். காலியிடம் நிரப்பப்பட வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

இப்போது அந்த மாணவிக்கு லிஸ்டின் முதல் கேஸை ஒதுக்குகிறேன். யாருக்கும் களைப்பில்லாத நேரம் அது. முந்தின நாள் மாலை ஆபரேஷனை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவார். கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கும் ஆட்டுக்குடலை வெட்டித் தைத்து, உள்ளே தண்ணீர் விட்டுக் கசிகிறதா என்று பார்க்கிறோம். உங்கள் ஊரில் எப்படி? டாக்டர்கள் மட்டுமல்ல, தியேட்டரில் வேலை செய்பவர்கள், நோயாளியின் வீட்டார் எல்லோரும் எழுதுங்கள்.

தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ், கோவை

ஆள் பற்றாக்குறை என்றால் டாக்டர் கணக்கை மட்டுமே பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 விஷயங்கள் உண்டு. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று 3 கட்டம். மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி எண்ணிக்கை கடைசிக் கட்டத்தில் வரும். கருவி எடுத்துக்கொடுக்க ஒருவர், வெளியே நின்று எண்ண ஒருவர் இருக்க வேண்டும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இரவில் இரண்டுக்கும் ஒருவர்தான்.

அப்படி ஓர் இரவு, குடல் ஓட்டை ஆபரேஷன். ஒரு மாப் குறைந்தது. பெரிய டாக்டர், "நல்லா எண்ணும்மா, வெளியதான் இருக்கும்" என்று வயிற்றை மூடச் சொன்னார். எதிரே நின்ற பி.ஜி. தம்பி, "சார், ஒரு தடவ பாத்தர்றனுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டார். கல்லீரலுக்கு மேலிருந்து வந்தது. தையல் போடத் தெரிவதைவிட இந்தத் தைரியத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். சந்தேகம் கேட்டால் திட்டுகிற யூனிட்டில் இது வளரவே வளராது.

விசைத்தறி ஓட்டுபவர், பள்ளிபாளையம்

எங்கள் அப்பாவுக்குக் குடலிறக்கம். கையெழுத்து வாங்க வந்த டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அம்மா பயந்துபோய், "ஏனுங்க, இந்தத் தம்பியா அறுக்குது?" என்று பெரிய டாக்டரிடமே கேட்டுவிட்டார். அவர் மழுப்பவில்லை. "ஆமாங்கம்மா, அவர்தான் செய்வாரு. நான் முடியற வரைக்கும் எதுத்தாப்புல நிப்பேன், நகர மாட்டேன்" என்றார். அப்பா உடனே, "அவிங்களும் எங்கியாச்சும் பழகித்தான ஆகோணும், பண்ணட்டும் சாமி" என்று சொல்லிவிட்டார். நல்லபடியாக முடிந்தது. அந்தத் தம்பி தினமும் காலையிலும் மாலையிலும் வந்து புண்ணைப் பார்த்தார். ஒளிக்காமல் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் மறுக்க மாட்டோம், டாக்டர்.

எலும்பு மருத்துவர், கோவை

தறியிலும் மில்லிலும் ரோட்டிலும் கை கால் நசுங்கி வருபவர்கள் நம் பக்கம் அதிகம். கோவை கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதலிலேயே சேர்ந்து காயத்தைப் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். கால் காயம் எவ்வளவு மோசம் என்று கணக்கிட அங்கே உருவான மதிப்பெண் முறை 2006-ல் வெளியானது. 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். நடுவில் இருக்கும் 15, 16-ல்தான் அனுபவம் பேசும். அந்த முடிவை எடுக்கிற நேரத்தில் மூத்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இளையவருக்கு எண் மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

பி.ஜி. மாணவர், மூன்றாம் வருடம்

தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் ட்யூட்டி சாதாரணமாகக் கூடாது என்று மத்திய அரசின் 1992 ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) திட்டத்திலேயே இருக்கிறது. வார விடுப்பு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதியும் சொல்கிறது. எங்கள் யூனிட்டில் அட்மிஷன் நாள் (புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) முடிந்தால் தூங்காமலே ரவுண்ட்ஸ், அப்புறம் ஓ.பி. அந்த நிலையில் சீஃப் அன்போடு கேஸ் கொடுத்தாலும் மனதில் எதுவும் நிற்பதில்லை, சார். ஆள் போட்டால்தான் எங்களுக்குத் தூக்கமும் கிடைக்கும், கேஸும் கிடைக்கும்.

அறுவை மருத்துவர், ஈரோடு மாவட்டம்

தம்பி சொல்வது நியாயம். 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் நாமக்கல்லும் உண்டு. நமக்கு அது பெரிய வரம். ஆனால் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். படித்து முடிக்கவே எட்டரை வருடம் ஆகிறது. அதற்கு மேல்தான் ஒருவர் கற்றுக்கொடுக்கத் தயாராகிறார். அதுவரை இருக்கிற மூத்தவர்களைத்தான் பங்குபோட வேண்டியிருக்கிறது.

காலியிடப் பட்டியலை மேலே அனுப்பும்போது அதோடு ஒரு தாள் சேர்க்கலாம் என்று எங்கள் சீனியரிடம் சொல்லியிருக்கிறேன்: மூத்தவர் உதவியாளராக நின்று, பி.ஜி. செய்த ஆபரேஷன்கள் மாதத்துக்கு எத்தனை என்று. பி.ஜி. தான் செய்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கிலிருந்தே எடுத்துவிடலாம். மற்ற மாவட்டத்து யூனிட்டுகளும் எடுத்துக் கொடுத்தால் சேர்த்தே அனுப்புவோம்.