எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் பூனைகளைப் பராமரித்த அனுபவங்கள்: சிங்கப்பூர் உறுப்பினர்களின் பகிர்வு

பிடோக் உறுப்பினர்:

கீழ்த்தளப் பூனைகளைப் பற்றி குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்திடம் முறையிடும் அண்டை வீட்டார் பெரும்பாலும் சொல்வது மூன்று குறைகளைத்தான்: நள்ளிரவுச் சண்டைச் சத்தம், செருப்பு அடுக்குகளில் ஆண் பூனைகள் பீய்ச்சும் சிறுநீரின் நாற்றம், ஓயாமல் பிறக்கும் குட்டிகள். இம்மூன்றும் கருத்தடை செய்யப்படாத பூனைகளால் வருபவை என்பதால், பூனைகளை அப்புறப்படுத்தாமலே பெரும்பகுதியைத் தீர்க்க முடியும். ஆனால் அதற்கு முதலில் தேவைப்படுவது பூனை பிடிக்கும் கூண்டு அன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒழுங்கு என்பதையே நான் இங்கு வலியுறுத்த விரும்புகிறேன்.

எங்கள் புளோக்கில் பலரும் அவரவருக்கு வசதிப்பட்ட நேரத்தில் சோற்றையும் மீனையும் செய்தித்தாளில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது எறும்புகளையும் மைனாக்களையும் எலிகளையும் வரவழைத்தது. எந்நேரமும் வயிறு நிறைந்திருந்த பூனைகளுக்குக் கூண்டுக்குள் வைக்கும் உணவில் நாட்டமே இராது. பல ஆண்டுகளாக அப்பூனைகளுக்கு உணவளித்துவரும் மலாய் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நாங்கள் அனைவரும் அவரை மக்சிக், அதாவது அத்தை, என்றே அழைப்போம். அவருடைய வீட்டுக்குச் சென்று பேசிய பின்னரே மற்றவர்களும் உடன்பட்டார்கள். மாலையில் ஒரே நேரம், மிதிவண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னுள்ள ஒரே மூலை, உண்டு முடிக்கும்வரை அருகிலேயே நின்று தட்டை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தோம். அந்த நேரத்துக்கு எல்லாப் பூனைகளும் கூடியதால், எவற்றின் இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறது, அதாவது எவற்றுக்கு ஏற்கெனவே கருத்தடை ஆகியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் கணக்கெடுக்க முடிந்தது.

பெட்டைகளையே முதலில் பிடித்தோம். நான்கு மாத வயதிலேயே ஒரு பெட்டை சினையாகலாம். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படவும் கூடும். ஆகவே ஒரு கூட்டத்தில் ஓரிரு பெட்டைகள் தப்பினாலும் செய்த வேலையின் பயன் குறைந்துவிடும். எங்களுக்கு மிகவும் சிரமம் கொடுத்தது மூவண்ணப் பெட்டை ஒன்று. கூண்டின் மிதிதகட்டைச் செய்தித்தாளால் மூடி, வாசலிலிருந்து உள்கோடிவரை சார்டின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தோம். முன்கால்களை மட்டும் உள்ளே வைத்து, பின்கால்களை வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி எட்டியவரை நக்கிவிட்டுத் திரும்பிவிடும். சில மாலைகள் கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து உள்ளே உணவளித்துப் பழக்கிய பிறகுதான் முழு உடலோடு நுழைந்தது. கதவு விழுந்தவுடன் தடித்த துண்டால் கூண்டை முழுவதும் போர்த்திவிட வேண்டும். இருட்டானதும் அது மோதுவதை நிறுத்திவிட்டது.

மருத்துவரிடம் கொண்டுசெல்லுமுன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காம்புகளைச் சுற்றி முடி தேய்ந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்தத் தாய் எங்கோ குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் குட்டிகள் பட்டினியால் இறக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்த பின்னரே தாயைத் தொட வேண்டும்.

தெம்பனிஸ் உறுப்பினர்:

நான் மூத்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால், பூனைகளைப் பிடித்து அகற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று இன்றும் நம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். 1998இல் தொடங்கிய தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் கருத்தடை செய்யப்பட்ட பூனைகள் பல பேட்டைகளில் அமைதியாக வாழ்ந்துவந்தன. 2003இல் சார்ஸ் என்னும் சுவாச நோய் பரவியபோது அத்திட்டம் கைவிடப்பட்டது. பெரும் எண்ணிக்கையில் பூனைகள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. எங்கள் பகுதியில் காது வெட்டிய, எல்லாருக்கும் பழகிய பூனைகளும் அவற்றோடு போயின. காலியான இடத்தில் உணவும் ஒதுங்க நிழலும் அப்படியே இருந்தபடியால், சிறிது காலத்திலேயே புதிய பூனைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்கும் கருத்தடை ஆகியிருக்கவில்லை. 2011இல் அரசாங்கம் மானியத்தோடு கருத்தடைத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது எங்களைப் போன்றவர்கள் அடைந்த நிம்மதி சொல்லி முடியாது.

முறையிடுகிறவரைப் பகைவராக நினைக்காதீர்கள். எங்கள் மாடியில் வசிக்கும் ஒரு பெரியவர், தம் வீட்டு வாசலிலுள்ள காலணிகளில் பூனை சிறுநீர் கழிப்பதாகக் கோபத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய கோபம் நியாயமானது. அந்த ஆண் பூனைக்கு அறுவை முடிந்தாலும் ஹார்மோன் அடங்கவும் பழக்கம் மாறவும் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு, அதுவரை அந்த இடத்தை நொதியம் கலந்த துப்புரவுத் திரவத்தால் நானே கழுவித் தந்தேன். அம்மோனியா கலந்த திரவங்களைத் தவிர்ப்பது நல்லது. சிறுநீரை ஒத்த அவ்வாடை பூனையை மீண்டும் அங்கேயே அழைக்கக்கூடும். அதே பெரியவர் பின்னாளில், காது வெட்டப்படாத புதிய பூனை ஒன்று பல்லடுக்கு வாகன நிறுத்துமிடத்தில் சுற்றுவதாக அவராகவே வந்து தகவல் சொன்னார்.

யீஷூன் உறுப்பினர்:

இருவரும் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புளோக்குக்குப் புதிதாக வரும் பூனைகளில் சில, வீடுகளிலிருந்து கைவிடப்பட்டவை. தெருவில் பிறந்து வளர்ந்த பூனை தூரத்திலேயே நின்று நம்மை அளக்கும். கைவிடப்பட்டதோ முதல் நாளே காலில் உரசும், மின்தூக்கிக் கதவருகே காத்திருக்கும், உணவளிக்கும் மூலையை அண்டவிடாமல் மற்றப் பூனைகள் அதை விரட்டுவதால் நாளுக்கு நாள் மெலியும். அத்தகையதற்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவது போதாது. வீடு தேடித் தர வேண்டும். ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வார வயதுக்குள் மனிதக் கைகளுக்குப் பழகிய குட்டிகளுக்கும் அப்படியே. அந்தப் பருவத்தைக் கடந்து காட்டுத்தனமாக வளர்ந்துவிட்ட பூனையை மட்டும் வீட்டுக்குள் அடைப்பது அதற்குத் துன்பமே தவிர உதவி ஆகாது.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள்வரை வளர்க்க அனுமதி கிடைத்திருப்பது, எங்களைப் பொறுத்தவரை, தத்துக்கொடுக்கும் பணியில் இருந்த பெருந்தடையை நீக்கியது. முன்பெல்லாம் ஒரு குடும்பம் விரும்பினாலும், விதியை மீறச் சொல்கிறோமே என்ற தயக்கம் இருந்தது. இப்போது உரிமம் பெற வேண்டும், பூனையின் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்னும் அடையாளச் சில்லைப் பொருத்த வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பதிவு செய்ய 2026 ஆகஸ்டு 31 வரை அவகாசம் தரப்பட்டது. மைக்ரோசிப் இருந்தால் கைவிட்டவரைக் கண்டறியவும் வழி உண்டு. விலங்கைக் கைவிடுவது, முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றம் என்பதைக் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளிலும் ஒட்டச் சொல்லி நகர மன்றத்திடம் கேட்டிருக்கிறோம்.

தத்தெடுக்க வருகிறவர்களிடம் சன்னல்களுக்கு வலை அடித்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே பூனையை ஒப்படைக்கிறோம். உயரமான மாடிகளிலிருந்து பூனைகள் விழுந்து இறப்பது இங்கு அரிதான செய்தி அன்று. வலைச் செலவு தாங்க முடியாத குடும்பங்களுக்கு மக்சிக்கைப் போன்ற அண்டை வீட்டாரே பணம் சேர்த்து உதவியதும் உண்டு. உங்கள் பேட்டைகளில் வலை அடித்துத் தரும் தொண்டர்கள் இருந்தால் இங்கே தெரிவியுங்கள். அடுத்த மாதம் இரண்டு குட்டிகளுக்கு வீடு பார்த்திருக்கிறோம், இரண்டிலும் சமையலறைச் சன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது.