தக்கலை பக்கம் படி இல்லாத ஷட்டில் கோர்ட் கிடைக்குமா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு 9 வயது, பெருமூளை வாதம். நடக்க மாட்டான். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது திண்ணையில் இருந்து ஸ்கோர் சொல்வான். பந்து அவன் பக்கம் உருண்டு வந்தால் இரண்டு கையையும் நீட்டுவான். எடுப்பதற்குள் வேறொரு பையன் ஓடிவந்து எடுத்துவிடுவான். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

போச்சியா என்று ஒரு விளையாட்டு உண்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. முதலில் வெள்ளைப் பந்து ஒன்றை எறிவார்கள். அப்புறம் சிவப்பு 6, நீலம் 6, எது அதன் பக்கத்தில் போய் நிற்கிறதோ அதற்குப் புள்ளி. உட்கார்ந்தே ஆடலாம். எறிய முடியாத பிள்ளை காலால் தள்ளலாம், சாய்வுப் பலகையில் உருட்டிவிடலாம். தெருப் பிள்ளைகளும் நாற்காலி போட்டு அவனோடு ஆடலாம். எனக்கு அதுதான் வேண்டும்.

பழைய சாக்ஸில் அரிசி நிரப்பி, மளிகைக்கடைத் தராசில் 275 கிராம் நிறுத்து, 13 பந்து தைத்துவிட்டேன். இடம்தான் இல்லை. களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஷட்டில் கோர்ட் போதும். ஓரிடத்தில் சக்கர நாற்காலியின் சக்கரம் பட்டால் தரை கெட்டுவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். டயரைத் துடைத்துத்தான் ஏற்றுவோம்.

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் சமதளமான கோர்ட்டோ சர்ச் ஹாலோ தெரிந்தால் சொல்லுங்கள். ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம், வாடகை தருகிறோம். பிசியோதெரபி படித்த யாராவது முதல் சில வாரம் கூட நின்றால் பெரிய உதவி. இதே மாதிரி பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.