போர்க்காலத்தில் எழுத்தாளர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை அவருடைய அந்தஸ்து தீர்மானிக்குமா?

காரைக்குடி வாசகன்:
எங்கள் வாசகர் வட்டத்தில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம். 1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்த பிறகு பிரெஞ்சு எழுத்தாளர்களில் சிலர் அவர்களோடு ஒத்துப்போனார்கள், சிலர் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எழுதினார்கள். மனசாட்சிதான் காரணம் என்று நண்பர்கள் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. சமூகத்தில் அவர்களுக்கு இருந்த இடத்துக்கும் இதில் பங்கு உண்டா?

தேவகோட்டை ஆச்சி:
உண்டு தம்பி, ஆனால் அந்த இடம் யார் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். பிரான்சின் பெரிய எழுத்தாளர்களும் பிரமுகர்களும் உட்காரும் பிரெஞ்சு அகாதமியில், ஜெர்மானியரோடு ஒத்துப்போன அரசுக்குத் தலைவரான மார்ஷல் பெத்தேனே 1929 முதல் உறுப்பினர். அகாதமி உறுப்பினர்களான எழுத்தாளர்களில் மொராஸ் அவரைத் தூக்கிப் பிடித்தார், அபெல் பொன்னார் 1942-ல் அவருடைய அரசில் கல்வி அமைச்சராகவே போய்விட்டார். ஆட்சியும் பெரிய மனிதர்களும் தந்த மரியாதையில் வாழ்ந்து பழகியவர்களுக்கு ஆட்சியோடு நிற்பதுதான் ஒழுங்காகப் பட்டிருக்கும். எதிர்த்தவர்களில் கவிஞர்கள் நிறைய. அவர்களுக்குப் பேர் கொடுத்தது சக எழுத்தாளர்கள், அப்புறம் கவிதையை ரகசியமாக அச்சடிக்கக் காகிதமும் கொஞ்சம் போதும்.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி, அப்படி எதிர்த்த கவிஞர்களில் எலுவாரும் அரகோனும் கம்யூனிஸ்டுகள், அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. நாவலாசிரியர் மோரியாக்கை எங்கே வைப்பீர்கள்? அகாதமி உறுப்பினர், கத்தோலிக்கர், வசதியான குடும்பம், ஆனாலும் 1943-ல் ஃபொரே என்ற புனைபெயரில் தலைமறைவுப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு நேர்மாறாக, இலக்கியவாதிகளே மதித்த திரியு லா ரொஷெல் 1940 கடைசியில் ஜெர்மானியர் தயவில் ஒரு பெரிய இலக்கியப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார்.

கானாடுகாத்தான்:
எழுத்தாளர் கதை இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 1942-ல் ரங்கூன் விழுந்தபோது எங்கள் உறவில் அங்கே கடையை நடத்திவந்த ஒரு மேலாள் நிலப் பத்திரங்களை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கி, ஜப்பான்காரனுக்கும் வணக்கம் போட்டுக் காலம் தள்ளினார், அதே கடைப் பெட்டியடிப் பையன் அசாம் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். இழக்க என்ன இருக்கிறது என்பது ஆளை இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும்.

தேவகோட்டை ஆச்சி:
மோரியாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்தஸ்து ஒருவரைச் சாய்க்கும், கட்டிப்போடாது. ஆனால் அகாதமி என்ற நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பாருங்கள். ஜெர்மானியர் விரட்டப்பட்ட பிறகு, அவர்களுக்கு உதவிய குற்றத்துக்காக 1945-ல் மொராஸுக்கு ஆயுள் தண்டனை, பெத்தேனுக்கு மரண தண்டனை விதித்து ஆயுளாகக் குறைத்தார்கள். அதன் பிறகும் அந்த இருவரின் இருக்கையை அவர்கள் சாகும்வரை அகாதமி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.