நீண்ட டிராவல் எண்டியூரோ சைக்கிள்: காப்பாற்றிய இடமும் கைவிட்ட இடமும் (அனுபவப் பகிர்வு)

வடகரை (நார்த் வான்கூவர்)

மூன்று வாரமாக ஒரே ஒரு சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃப்ரோம் மலை, செவன்த் சீக்ரெட் பாதை, முந்தின இரவு மழை. வண்டி எண்டியூரோ, அதாவது கரடான இறக்கத்துக்கென்று செய்த மலைச் சைக்கிள். அதன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்) 170 மி.மீ. வரை அமுங்கும், அதைத்தான் டிராவல் என்கிறோம். வாங்கி நான்கு மாதம். பாறையிலிருந்து இறங்கும் ஓரிடத்தில் வலப்பக்கம் பிடித்திருக்க வேண்டும். ஈர வேரில் வழுக்கி இடப்பக்கம் போய்விட்டேன். அங்கே ஒரு குழி. முன்சக்கரம் அதற்குள் இறங்கிய வேகத்தில் ஃபோர்க் கடைசிவரை அமுங்கி 'டொக்' என்று அடித்தது. தலை குப்புறப் போகிறேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, முழங்கை தானாக மடங்கிக்கொண்டது. ஆனால் நான் விழவில்லை. ஃபோர்க் மெல்ல எழும்பியது, சக்கரம் குழியை ஏறிக் கடந்தது, எதிரே இருந்த தேவதாரு மரத்துக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

என் பழைய 130 மி.மீ. சைக்கிளாக இருந்தால் அன்று மருத்துவமனைதான். ஆனால் அந்தப் பழைய சைக்கிளில் அந்த இடத்துக்கு அத்தனை வேகமாக நான் வந்திருக்கவே மாட்டேன். இந்த வண்டி என்னைக் காப்பாற்றியதா, அந்தக் குழி வரைக்கும் கொண்டுபோய் விட்டதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பிரியா (ஸ்குவாமிஷ்)

எனக்கு நடந்தது இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் ஆதங்கம்.

லெகசி ஏற்றப் பாதையில் ஒரு குறுகலான வளைவு. எல்லோரும் ஏறுகிற வளைவுதான். என் வண்டியின் முன்பக்கம் நன்றாகச் சாய்ந்தது, ஃபோர்க் தரையோடு 63.5 பாகை. இறக்கத்தில் அதுதான் தைரியம். நடை வேகத்தில் ஏறும்போது அதே சாய்வு முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் அலையவிடும். ஹேண்டில்பாரைத் திருப்பினேன், சக்கரம் நான் நினைத்ததைவிட அதிகமாக விழுந்து திரும்பியது. திருத்துவதற்குள் பெடல் வேரில் இடித்தது. பின் ஷாக் (பின்சக்கரத்துக்கான சஸ்பென்ஷன்) என் எடையில் அமுங்கியிருந்ததால் பெடல் தரைக்கு அவ்வளவு அருகில் இருந்திருக்கிறது. கால் ஊன்றத் தேடினேன், அந்தப் பக்கம் தரையே இல்லை. வண்டியோடு ஃபெர்ன் புதருக்குள் உருண்டேன். கணுக்கால் பிசகி ஆறு வாரம் வீட்டில்.

நான் 52 கிலோ. வண்டி 16.4 கிலோ. என் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மலைமேல் தள்ளுகிறேன். 80 கிலோ ஆள்கள் எழுதும் விமர்சனங்களில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. விஸ்லர் சைக்கிள் பூங்காவில் லிஃப்டில் ஏறி இறங்கும் நாளில் இந்த வண்டியை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பிரேக் பிடித்துப் பிடித்து மண்ணில் உண்டான அலைகள்மேல் மாலைவரை ஓட்டியும் கை மரத்துப்போவதில்லை. ஆனால் விஸ்லர் எனக்கு வருடத்தில் ஐந்து நாள். மற்ற நாளெல்லாம் அந்த வளைவுதான்.

இணுவிலான் (சூரிச்)

மகனோடு லென்சர்ஹைடே போயிருந்தேன். 2018 மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டி நடந்த அதே மலை. வாடகைக்கு எடுத்தது 170 மி.மீ. வண்டி. நடுவழி லிஃப்ட் நிலையமான ஷார்மோயினிலிருந்து இறங்கத் தொடங்கினோம். முதல் பாதி வடிவாக இருந்தது. கல்லா, வேரா என்று பார்க்கவே தேவையில்லை, எல்லாவற்றுக்கும் மேலால் ஓடியது.

பாதிவழிக்குப் பிறகு பிரேக் பிடிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்டில்பாரை நோக்கி வரத் தொடங்கின. ஒரு கட்டத்தில் முன்பிடி விரலோடு பாரில் முட்டியது. வண்டி நிற்கவில்லை. எனக்கு முன்னால் பதினைந்து அடியில் மகன். "விலகு" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பக்கத்து மண்மேட்டில் ஏற்றி விழுந்துதான் நின்றேன். டிஸ்க் (பிரேக் கவ்வும் வட்டத் தகடு) சூட்டில் நீலம் பாரித்துப்போய் இருந்தது.

பிறகு பார்த்தால் முன்னுக்கு 180 மி.மீ. டிஸ்க் போட்டிருக்கிறார்கள். இந்த வகை வண்டிக்கு 200 ஆவது வேண்டும், 220 இன்னும் நல்லது. நானும் ஏற முன்னர் பார்க்கவில்லை. வடகரை, உங்கள் கேள்விக்கு என் பதில்: சஸ்பென்ஷன் தருகிற வேகத்தை நிறுத்துவதற்குப் பிரேக் இல்லாவிட்டால் அது அரை வண்டி.

பழைய பட்டறை

நானும் ஒருமுறை ஃபோர்க் அடிவரை போய் விழுந்திருக்கிறேன். காறை எலும்பு முறிந்தது. அது போகட்டும்.

வடகரை தம்பி, நீங்கள் சொன்ன 'டொக்' சத்தம் வண்டியின் எல்லை அல்ல, காற்றழுத்தத்தின் குறை. 170 மி.மீ. ஃபோர்க் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அடிவரை போகலாம், ஆனால் மெத்தென்று போய் நிற்க வேண்டும். அப்படி அடித்தால் காற்று குறைவு, அல்லது உள்ளே காற்றறையைச் சுருக்கும் பிளாஸ்டிக் துண்டு போதவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்: தண்ணீர்ப் பை, தலைக்கவசம், காலணி எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பெடல்மேல் நில்லுங்கள். பின் ஷாக்கில் உள்ள ரப்பர் வளையத்தை ஷாக்கின் உறையோடு ஒட்டத் தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். 65 மி.மீ. ஓடும் ஷாக் என்றால் 18 முதல் 20 மி.மீ. அமுங்கியிருக்க வேண்டும். முன்னே ஃபோர்க் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். பலர் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பக்கத்தைக் கடைக்காரர் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்ப எழும்பும் வேகம். வேகமாக எழும்பினால் வண்டி உங்களை எறியும். மெதுவாக எழும்பினால் அடுத்த கல்லுக்குள் எழும்பி முடிக்காமல், கல்லுக்குக் கல் அமுங்கிக்கொண்டே போகும்.

பிரியா அக்காவுக்கு: உங்கள் எடைக்கு ரீபவுண்ட் திருகு முழுவதும் திறந்தும் மெதுவாகவே எழும்பினால், ஷாக்கின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும். ஆலையிலிருந்து வரும் அமைப்பு உங்களைவிடக் கனமான ஆளை நினைத்துச் செய்தது. ஏறும்போது ஷாக்கை இறுக்கும் நெம்புகோலைப் போடுங்கள், பெடல் கொஞ்சம் உயரும். பெடலைத் தாங்கும் க்ராங்க் கை 170 மி.மீ. என்றால் 165 அல்லது 160க்கு மாறுங்கள். ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்லியிருப்பார்கள், எத்தனை பேர் செய்கிறீர்கள்? பின்சட்டகத்தின் மூட்டு பேரிங்குகளையும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். உயர்அழுத்தத் தண்ணீரை அங்கே அடிக்கவே கூடாது.

பிரியா (ஸ்குவாமிஷ்)

அண்ணா, நெம்புகோல் போட்டுத்தான் ஏறினேன். 165 க்ராங்க்தான். நான் அறிவுரை கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் இந்த நீளத்துக்கும் சாய்வுக்கும் அந்த வளைவு ஒத்துவராது என்பதைத்தான் சொன்னேன். ரீபவுண்ட் பற்றிச் சொன்னது உண்மை, அதற்கு நன்றி.

கோடநாட்டுப் பாதை (கோத்தகிரி)

பெங்களூரில் ஒருவரிடம் பழைய எண்டியூரோ வாங்கினேன். இரண்டு வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. எங்கள் ஊரில் ஓட்டுகிற இடமெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. மெதுவாகப் போனால் வண்டி சோம்பிக் கிடந்தது. பெடலை மிதிக்க மிதிக்க உழைப்பெல்லாம் ஷாக்குக்குள் போய் மறைந்தது. வேகம் எடுத்தால்தான் உயிர் வந்தது. ஆகவே வேகம் எடுத்தேன்.

ஒரு நாள் காலை, பனி முழுதும் விலகவில்லை. வளைவு திரும்பியதும் எதிரே இலைமூட்டையைத் தலையில் வைத்த ஓர் அம்மா. என்னைப் பார்த்ததும் மூட்டையோடு மேட்டில் ஏறி, தேயிலைச் செடியோடு ஒட்டி நின்று வழிவிட்டார். நான் நின்றது அவரைத் தாண்டி பத்தடிக்கு அப்பால். "பார்த்துப் போ சாமி" என்றார், கோபமே இல்லாமல். எத்தனை வேகத்தில் வந்தேன் என்பது, அவரைத் தாண்டி நிற்க எனக்குத் தேவைப்பட்ட அந்தப் பத்தடியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பழைய வண்டியில் ஒவ்வொரு கல்லும் கையில் வந்து சொல்லும். இதில் எதுவும் சொல்லவில்லை.

வடகரை கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். இந்த வண்டி மென்மையாக ஓடுவதால் வேகம் ஓட்டுகிறவருக்கே தெரியாமல் போகிறது. அந்தப் பாதை அவர்கள் வேலைக்கு நடக்கிற பாதை. வண்டியை விற்றுவிட்டு, முன்னால் மட்டும் 120 மி.மீ. உள்ள ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

மேற்கு மூலை

கோத்தகிரி நண்பர் செய்தது சரி. ஆனால் அதற்கு வண்டியைக் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இது எதற்காகப் பிறந்ததோ அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எண்டியூரோ போட்டியில் ஏற்றத்துக்கு நேரக் கணக்கு இல்லை, குறித்த நேரத்துக்குள் அடுத்த தொடக்கத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். இறக்கத்துக்கு மட்டும் கடிகாரம் ஓடும். 2013இல் எண்டியூரோ உலகத் தொடர் தொடங்கியபோது அதன் கடைசிச் சுற்று இத்தாலியில் ஃபினாலே லிகூரேயில் நடந்தது. அங்கே ஒரு நாள் ஓட்டினால் இந்த வண்டி ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். வெள்ளைச் சுண்ணாம்புக் கல், மலைமேலிருந்து கடல்வரை.

நான் போனது இரண்டு வருடத்துக்கு முன். வேனில் ஏற்றிவிட்டார்கள். ஆறாவது இறக்கம். தொடை நடுங்குகிறது, கண் கல்லைப் பார்க்கிறது, கை கேட்கவில்லை. கூர்க்கற்கள் குவிந்த ஒரு சரிவில் நான் பிடித்தது முழுத் தவறான வழி. தவறு என்று தெரிந்த பிறகும் மாற்ற உடம்பில் தெம்பில்லை. வண்டி தானாக அந்தக் கற்களை வாங்கிக்கொண்டு என்னைக் கீழே இறக்கியது. கீழே வந்து உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். என் களைப்பைத் தாங்குவதற்குத்தான் அந்த 170 மி.மீ. வேகத்தைக் கூட்ட அல்ல. வடகரை, காப்பாற்றியதா என்று கேட்கிறீர்களே, காப்பாற்றியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வடகரை (நார்த் வான்கூவர்)

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணா, அளந்து பார்த்தேன். ஃபோர்க்கின் காற்றழுத்தம் என் எடைக்கு வேண்டியதைவிட 11 பி.எஸ்.ஐ. குறைவாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் பம்பை எடுக்கவே இல்லை. இணுவிலான் அண்ணா, என் முன் டிஸ்க் 200 என்பதையும் பார்த்துவிட்டேன்.

நேற்று மறுபடி அந்த இடத்துக்குப் போனேன். ஓட்டவில்லை, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. என் சக்கரத் தடம் அதற்குள் இன்னும் இருக்கிறது. வலப்பக்க வழி, நின்று பார்த்தால், நன்றாகவே தெரிகிறது. அங்கிருந்து கீழே நடத்திக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் காற்று சரியாக இருக்கிற ஃபோர்க்கோடு போய் அந்த வலப்பக்கத்தில் மெதுவாக இறங்கப் போகிறேன்.

பிரியா, கணுக்கால் இப்போது எப்படி இருக்கிறது?

பிரியா (ஸ்குவாமிஷ்)

நடக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது. அந்த வளைவு வந்தால் இப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.