புதுப்பிப்பு: லெவின் காருக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

கிளிநொச்சியில் நான் ஓடும் டொயோட்டா லெவின் ஏஈ92 காரின் வலுவைக் கூட்ட, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவிகளில் டர்போசார்ஜர் நல்லதா, சூப்பர்சார்ஜர் நல்லதா என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன். நேரமெடுத்து விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இருந்த 4ஏ-ஜீஈ எஞ்சினில் எதையும் பூட்டாமல், தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜருடன் வந்த 4ஏ-ஜீஇசட்ஈ எஞ்சினை அதன் கட்டுப்பாட்டுக் கணினியோடு மாற்றுமாறு ஒருவர் சொன்ன ஆலோசனையே பலித்தது. அதன் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவு) குறைவு என்பதால், கூடுதல் காற்றழுத்தத்தைத் தட்டல் (கலவை தாறுமாறாக வெடித்து எரிவது) இல்லாமல் தாங்குகிறது.

டர்போ வெளியேறும் புகையின் ஆற்றலில் சுழல்வதால் எரிபொருளுக்கு இலாபமானது. ஆனால் குறைந்த சுற்றில் அழுத்தம் எழச் சற்றுத் தாமதமாகும். சூப்பர்சார்ஜரைச் சுழற்றப் பெல்ட் வழியாக எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு செலவானாலும், ஏ9 வீதியில் உழவு இயந்திரத்தை முந்த மிதியை அழுத்திய கணமே இழுவை கிடைக்கிறது. மெதுவாக ஓடும்போது காந்தக் கிளச் சூப்பர்சார்ஜரைப் பெல்ட்டிலிருந்து தானே விடுவித்துவிடுகிறது.

எதிர்பாராதது வெப்பம். அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் மேலேயே அமர்ந்திருக்கிறது; சாதாரண பொனற்றில் காற்று வாய் இல்லாததால், மாங்குளம் பக்கம் நண்பகல் ஓட்டத்தில் வலு தெளிவாகக் குறைந்தது. சூப்பர்சார்ஜருடன் வந்த லெவின் வகையான ஜீடி-இசட்டின் காற்று வாயுள்ள பொனற் போட்ட பின்னரே அது சீரானது. பெற்றோல் 95 ஒக்டேன் மட்டுமே அடிக்கிறேன்.

எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும்; ஆகவே எஞ்சின் வாங்கும்போதே இறக்குமதி ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள்.