4 நாளில் 236 டெரகோட்டா ஆர்டர், பணமும் வாங்கிவிட்டேன், தீபாவளிக்கு 27 நாள்தான் இருக்கிறது. உதவி தேவை

களிமண்காரி (கேட்டவர்)

வணக்கம். ஈரோட்டில் வீட்டிலிருந்தே டெரகோட்டா (சுட்ட களிமண்) நகை செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். மூன்று வருடமாக வாரத்துக்கு 25, 30 செட் போகும். பிசைவது, சுடுவது, வர்ணம் அடிப்பது, தபால் ஆபீஸ் போவது எல்லாம் நான் ஒருத்திதான்.

போன வாரம் ஒரு ஜிமிக்கிக்கு வர்ணம் அடிக்கிற வீடியோ போட்டேன். அது எங்கெங்கோ போய்விட்டது. நாலே நாளில் 236 பேர் பணம் போட்டுவிட்டார்கள், சராசரியாக ஒரு செட் 450 ரூபாய். போன் ஓயவில்லை. கேட்ட எல்லோருக்கும் "தீபாவளிக்குள் கண்டிப்பாக வந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் சொன்னதுதான். நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

இருப்பது சின்ன மின்சூளை, ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை ஏற்றினால், 18 செட் கொள்ளும். காலையில் ஏற்றினால் மறுநாள் ஆறிய பிறகுதான் திறக்க முடியும். சுட்டு வைத்து, வர்ணம் அடிக்காத 20 செட் கையில் இருக்கிறது. இப்போதும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, இப்படி ஒரு நேரம் மறுபடி வருமா என்று பயம். நாத்தனார் வர்ணம் அடிக்க வருகிறேன் என்கிறார். சுடும் முன் மண்ணை ஆறு நாள் காய வைக்கிறேன், அதைக் குறைக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

சோப்புக்கட்டி

முதல் வேலை, இதைப் படித்து முடித்ததும் கடையை மூடுங்கள். கேட்லாக்கில் எல்லாப் பொருளையும் மறைத்துவிட்டு, ப்ரொஃபைலில் "ஆர்டர் நிறுத்தம், கார்த்திகையில் மறுபடி திறப்போம்" என்று ஒரு வரி போடுங்கள். ஹைலைட்டில் கியூஆர் கோடு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது அங்கே இருக்கிறவரை கேட்காமலே பணம் போடுவார்கள்.

நான் கோல்டு ப்ராசஸ் (அடுப்பில் காய்ச்சாமல் செய்யும்) சோப்பு செய்கிறவள். அது நாலு முதல் ஆறு வாரம் ஆற வேண்டும். இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஆர்டர் குவிந்தபோது மூன்றாவது வாரமே வெட்டி அனுப்பிவிட்டேன். குளியலறையில் இரண்டே நாளில் கூழாகிவிட்டது என்று படம் படமாக வந்தது. அந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. தேதி சொல்லிக் காக்க வைத்தவர்கள் மட்டும் இன்றைக்கும் வாங்குகிறார்கள்.

அவசரக்காரன்

மேடம், சமையல் அவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஈரம் போய்விடுமே? ஆறு நாளை ஒரு நாளாக்கலாம்.

களிமண்காரி

அண்ணா, முந்தாநாள் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள்கூட காயாத ஜிமிக்கிகளை உள்ளே வைத்தேன். பத்து நிமிடத்தில் சோளப்பொரி பொரிகிற மாதிரி டப் டப் என்று சத்தம். திறந்து பார்த்தால் 11 உருப்படி உடைந்து கிடக்கிறது. ஒரு குடை மட்டும் முழுசாக இருந்தது, எடுத்தால் அதன் அடியும் இல்லை.

சூளைமேட்டு அம்மா

பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், வீடு நிஜமாகவே சென்னை சூளைமேட்டில்தான். பத்து வருடமாக டெரகோட்டா வகுப்பு எடுக்கிறேன்.

ம்மா, உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியே வர வழி தேடும். மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகியிருந்தால் வழி கிடைக்காமல் வெடிக்கும். நாளைக் குறைக்கப் பார்க்காதே. நாள் வீணாகாமல் மட்டும் பார்த்துக்கொள். மண்ணைத் துணிமேல் வைக்காமல் கம்பி வலைமேல் வை, அடியிலும் காற்று படும். அறையில் மின்விசிறி ஓடட்டும், ஆனால் நேராக மண்மேல் அடிக்கக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணிக்கொள்ளும். காய்ந்ததா என்று பார்க்க, உருப்படியைக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூளையில் ஏற்றிய பிறகும் முதல் இரண்டு மணி நேரம் 100 டிகிரிக்குக் கீழேயே வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வை.

இப்போது கணக்கு. 27 நாளில் கடைசி 5 நாள் கூரியருக்கு விட்டுவிடு, பண்டிகை நேரத்தில் பார்சல் தேங்கும். மிச்சம் 22. முதல் ஈடு காய 6 நாள். கடைசி ஈட்டுக்கு வர்ணம், வார்னிஷ், பேக்கிங் எல்லாம் சேர்த்து 3 நாள். ஆக சூளை ஓடப்போவது 13 நாள்தான். இரண்டு நாளுக்கு ஒரு ஈடு என்றால் 6 ஈடு, 108 செட். கையில் உள்ள 20 சேர்த்தால் 128. வடகிழக்குப் பருவமழை வேறு தொடங்குகிற நேரம், கரண்டும் போகும், நாலு உடையும். அதனால் வெளியே 110 என்று சொல். 128 என்று வாயே திறக்காதே.

எத்தனை பேர் வேலைக்கு வந்தாலும் இந்த 110 மாறாது. உன் கையைவிடச் சூளைதான் சின்னது. பக்கத்தில் மண்பாண்ட ஸ்டூடியோ ஏதாவது வாடகைக்குச் சுட்டுக் கொடுக்கிறதா என்று விசாரி. கிடைத்தால் முதலில் நாலு உருப்படி மட்டும் கொடுத்துப் பார், அவர்கள் சூடேற்றும் வேகம் உன் மண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நாத்தனாரை வரச் சொல், ஆனால் மேல் வர்ணம் வேண்டாம். வீடியோவில் ஜனங்கள் பார்த்தது உன் தூரிகையை. அவருக்குக் கறுப்பு அடிப்பூச்சு, கொக்கி மாட்டுவது, முகவரி எழுதுவது கொடு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடு. சொந்தக்காரர்தானே என்று சும்மா விட்டால் தீபாவளிக்கப்புறம் வீட்டில் வேறு சண்டை வரும்.

கணக்குப்பிள்ளை

பணம் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது வாங்கியிருப்பது சுமார் 1,06,000 ரூபாய். பொருள் போகிறவரை அது உங்கள் பணம் இல்லை. புது சூளை, புது மோல்டு என்று அதில் கை வைத்துவிடாதீர்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் முன் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு பெயரையும் டிக் அடியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், கூட்ட நேரத்தில் பொய் ஸ்கிரீன்ஷாட் இரண்டு மூன்று நிச்சயம் கலந்திருக்கும். இன்னொன்று, பல வங்கிகளில் யுபிஐயில் ஒரு நாளைக்கு 20 பரிமாற்றம்தான் செய்ய முடியும். ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி என்று யாராவது பயமுறுத்துவார்கள். பொருள் விற்பவருக்கு மாநிலத்துக்குள் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு. கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு, உங்களுடையது அதில் வருமா என்று ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்குறவ

நான் விற்கிறவள் இல்லை, வாங்குகிறவள். தாமதம் என்றால் எனக்குக் கோபம் வராது. "நாளைக்கு அனுப்புகிறேன்" என்று நாலு முறை கேட்டால்தான் வரும். இப்போதே சொல்லிவிட்டால் நான் வேறு தோடு வாங்கிக்கொள்வேன். தீபாவளிக்கு முந்தின நாள் சொன்னால்தான் திட்டுவேன்.

களிமண்காரி

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கே கடையை மூடிவிட்டேன். கை நடுங்கியது, ஆனால் மூடிய அரை மணி நேரத்தில் பசி எடுத்தது. நாலு நாளில் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மூன்று வழியில் எது வேண்டும் என்று கேட்டு மெசேஜ் எழுதினேன்: தீபாவளிக்குள் வேண்டும், கார்த்திகைவரை காத்திருப்பேன், பணம் திரும்ப வேண்டும். அதை பிராட்காஸ்ட்டில் போட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருந்தேன், முப்பது பேர்கூட பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் நம்பரைச் சேவ் செய்யாதவர்களுக்கு பிராட்காஸ்ட் போகவே போகாதாம். புதிதாக வந்தவர்கள் எங்கே சேவ் செய்திருக்கப் போகிறார்கள்! மறுநாள் அதையே குவிக் ரிப்ளையில் (ஒரு தட்டில் அனுப்பும் தயார் பதில்) வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். பதில் வர வர பச்சை, மஞ்சள், சிவப்பு லேபிள் போட்டார் என் மாமியார். அவருக்கு இவ்வளவு நன்றாக வாட்ஸ்அப் தெரியும் என்று எனக்கே தெரியாது.

கணக்குப்பிள்ளை சார் சொன்னது போலவே 3 பேர் பணமே போடவில்லை, ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். மீதி 233 பேரில் காத்திருக்கிறேன் என்றவர்கள் 69, பணம் கேட்டவர்கள் 38. அந்த 38 பேருக்கும் இரண்டு நாளில் அனுப்பி முடித்துவிட்டேன். ஒரு அக்கா மட்டும் நன்றாகத் திட்டினார், திட்டியது நியாயம்தான். 9 பேரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தீபாவளிக்குள் வேண்டும் என்பவர்கள் 117. அம்மா சொன்ன 110-ஐத் தாண்டி 7 பேர் இடிக்கிறது.

சூளைமேட்டு அம்மா

அந்த ஏழில் வெறும் கம்மல் எத்தனை?

களிமண்காரி

ஏழில் இல்லை அம்மா, ஆனால் 117-இல் 30 பேருக்கு மேல் சின்னக் கம்மல்தான் கேட்டிருக்கிறார்கள்.

சூளைமேட்டு அம்மா

அப்படியென்றால் தனி இடம் எதற்கு? சூளையில் ஜிமிக்கிக் குடையைக் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தி வை, ஒவ்வொரு குடைக்குள்ளும் ஒரு கம்மல் உட்காரும். நீ சுடும் முன் மெருகு (கிளேஸ்) பூசுவதில்லை, வெறும் மண் ஒன்றோடொன்று பட்டாலும் ஒட்டாது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

களிமண்காரி

இன்று அப்படித்தான் அடுக்கினேன், 24 செட் போய்விட்டது! அதில் நாலு ஜோடி மட்டும் கன்னத்தில் வைத்தபோது சில்லென்று இருந்தது, எடுத்து வெளியே வைத்துவிட்டேன். மழை தூறுகிறது. சூளை இப்போது 90-இல் நிற்கிறது, கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது, நாத்தனார் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொக்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை சத்தம் எதுவும் கேட்கவில்லை.