ஈமோரி மலைக்குப் பதினான்கு வயதுப் பையனை அழைத்துச் செல்லலாமா?

யோக்கோஹாமாவாசி:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் மாதம் ஊரிலிருந்து வரவிருக்கும் என் தந்தையையும், இங்கே நடுநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகனையும் ஃபுகுஷிமா மாநிலத்தின் ஐஸு வகாமட்சு நகருக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். நகரின் கிழக்கே உள்ள ஈமோரி மலையில், பேரரசரின் புதிய அரசுப் படையை எதிர்த்து ஐஸு சிற்றரசு 1868இல் நடத்திய போரில் மாண்ட, வெண்புலிப் படை என்னும் பதின்வயதுப் படையின் சிறுவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. வரலாற்றில் ஈடுபாடுள்ள தந்தை அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் அவருக்கு வயது 71, முழங்கால் வலியும் உண்டு. படிகள் அதிகம் என்று கேள்விப்படுகிறேன். இது முதல் கவலை.

இரண்டாவதுதான் பெரிது. மகனுக்கு வயது 14. அவன் வயதொத்த பையன்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட இடத்தை, ஒரு விடுமுறைப் பயணத்தின் நடுவே அவனுக்குக் காட்டுவது சரிதானா என்று என் மனைவி கேட்கிறார். எனக்கும் தெளிவான விடை இல்லை. சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடக்குமலை:

முழங்கால் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து கல்லறைத் திடல் வரை நேர்செங்குத்தாக 183 கற்படிகள் உள்ளன. அவற்றின் பக்கத்திலேயே, விமான நிலையங்களில் இருப்பது போன்ற நகரும் பாதை ஒன்று கட்டணத்திற்கு ஓடுகிறது. பனிக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அக்டோபரில் கவலை இல்லை. ஏறுவதற்கு மட்டுமே அது பயன்படும். இறங்கும்போது படிகளைத் தவிர்த்து, பக்கவாட்டில் சுற்றிச் செல்லும் பாதையில் மெதுவாக அழைத்து வாருங்கள். தோக்கியோவிலிருந்து கோரியாமா வரை அதிவேக ரயிலிலும், அங்கிருந்து பான்எட்சு மேற்குப் பாதை ரயிலிலும் வந்தால், நிலையத்து வாசலிலேயே நகரச் சுற்றுப் பேருந்து கிடைக்கும்.

இனி மகனைப் பற்றி. நான் அந்த மலைக்கு மூன்று முறை சென்றிருக்கிறேன். ஒருமுறை என் அக்காள் மகனும் உடன் வந்தான், அப்போது அவனுக்கும் ஏறக்குறைய இதே வயது. திடலில் 19 கல்லறைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. எந்நேரமும் யாராவது ஊதுவத்தி ஏற்றியபடி இருப்பதால், மரங்களுக்கு அடியில் புகை விலகுவதே இல்லை. அங்கிருந்து ஒரு கிளைப்பாதையில் சற்று நடந்தால் அவர்கள் மாண்ட இடம் வருகிறது. கையை நெற்றிக்கு மேல் வைத்து நகரைப் பார்க்கும் சிறுவனின் சிலை ஒன்று அங்கே உண்டு. அவன் பார்க்கும் திசையில், ஐஸு சிற்றரசின் தலைவர் இருந்த ட்சுருகா கோட்டையை நாமும் தேட வேண்டும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், கட்டடங்களுக்கு நடுவே, விரல் நகம் அளவுக்குத்தான் தெரிகிறது.

தோனோகுச்சிச் சமவெளியில் தோற்று, மழையில் நனைந்து, பசியோடு, இனாவாஷிரோ ஏரி நீரைக் கொண்டுவரும் கால்வாய்ச் சுரங்கத்தின் வழியே புகுந்து இந்த மலைக்கு வந்தவர்கள், கீழே எழுந்த புகையைக் கண்டு கோட்டையே எரிகிறது, தலைவரும் மாண்டார் என்று நம்பி உயிரை விட்டார்கள் என்பதே கதை. எரிந்தது கோட்டையைச் சுற்றியிருந்த நகரம். கோட்டை அதன் பிறகும் ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. இதை நான் சொல்லி முடித்ததும் அக்காள் மகன் கேட்ட ஒரே கேள்வி, “ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே, ஏன் போகவில்லை?” என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் பையனை அழைத்து வந்தது தவறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பழஞ்சுவடி:

வடக்குமலை அவர்கள் சொன்ன கதைதான் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்படுவது. ஆயினும் அந்தப் பையனின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற 20 பேரில் ஈனுமா சதாகிச்சி என்பவர் மட்டும் பிழைத்தார். 1854இல் பிறந்த அவர், வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர். போர் நடந்தபோது நம் கணக்கில் 14 வயதுதான், அதாவது உங்கள் மகனின் வயது. பின்னாளில் தந்தித்துறையில் பொறியாளராகப் பணியாற்றி, 1931இல் செண்டாய் நகரில் காலமானார். அவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டுத் திருத்தப்பட்ட குறிப்பு ஒன்றின்படி, கோட்டை விழுந்துவிட்டதாக அவர்கள் தவறாக எண்ணவில்லை. கோட்டைக்குத் திரும்பலாம் என்று சிலரும், எதிரியின் மீது பாய்ந்து மடியலாம் என்று சிலரும் வாதிட்டார்கள். எதைச் செய்தாலும் நடுவழியில் பிடிபட்டு அவமானப்பட நேரும் என்று அஞ்சி, இறுதியில் இந்த முடிவுக்கு வந்தார்கள். ஆக, போய்ப் பார்ப்பது என்பதும் அங்கே பேசப்பட்டது. எனக்கு இந்த வடிவமே புகைக் கதையைவிடத் துயரமாகப் படுகிறது; கண் ஏமாற்றியதால் நேர்ந்த சாவு என்றால் அதற்கு யாரும் பொறுப்பில்லை, பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பள்ளியில் கற்பித்ததால் நேர்ந்த சாவு என்றால் அப்படி விட்டுவிட முடியாது.

இன்னொன்றையும் மகனுக்குக் காட்டத் தவறாதீர்கள். கல்லறைகள் இருக்கும் அதே திடலில், உச்சியில் கழுகு அமர்ந்த ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. பொம்பெயியில் கிடைத்த அந்தத் தூண், முசோலினியின் ஆட்சிக்காலத்தில், 1928இல், ரோமிலிருந்து அன்பளிப்பாக வந்தது. அருகில் ஜெர்மானியத் தூதரக அதிகாரி ஒருவர் 1935இல் வைத்த நினைவுக்கல், ‘ஐஸுவின் இளம் வீரர்களுக்கு’ என்ற பொருளில் வாசகம் தாங்கி நிற்கிறது. இந்தச் சிறுவர்களின் சாவு யார் யாருக்குப் பயன்பட்டது என்பதை விளக்க இதைவிட வேறு பாடம் வேண்டாம். உலகப்போருக்குப் பின் நேசநாட்டுப் படையினர் இங்கே சில வாசகங்களை அழித்ததும் அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், அரசு எதிரிகளாகத் தோற்றதால், 1868 போரில் மாண்ட ஐஸு வீரர்களுக்கு, அரசுக்காகப் போரில் மாண்டவர்களை வழிபடும் தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் இடமில்லை. ஐஸுக்காரர்கள் அதை எளிதில் மறப்பவர்களும் அல்லர். அந்தப் போரில் அரசுப் பக்கம் நின்ற பழைய எதிரியான ச்சோஷு சிற்றரசின் தலைநகராக இருந்த ஹாகி, 1986இல் நட்புறவு நகரமாகலாம் என்று கேட்டபோது, ‘இன்னும் காலம் கனியவில்லை’ என்ற போக்கில் மறுத்துவிட்டார்கள்.

சங்குப்படி:

பெரியவரை இறக்கும் வழியில் சஸாயேதோ என்னும் மரக் கோயில் வரும், அதை விட்டுவிடாதீர்கள். 1796இல் கட்டியது, அறுகோண வடிவம், 16.5 மீட்டர் உயரம். உள்ளே படியே இல்லை. சரிவுப் பாதை சங்கின் உட்புறம் போலச் சுழன்று ஏறி, உச்சியில் ஒரு சிறு பாலத்தைக் கடந்து, வேறொரு சுழலாக இறங்குகிறது. ஏறுபவரும் இறங்குபவரும் சந்திப்பதே இல்லை. சரிவில் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு அவற்றில் கால் வைப்பது எளிதன்று. தாத்தா வெளியே அமரட்டும், பேரன் ஏறி இறங்கட்டும்.

யோக்கோஹாமாவாசி:

மூவருக்கும் நன்றி. மனைவியிடம் பழஞ்சுவடி அவர்களின் பதிலைப் படித்துக் காட்டினேன். போகலாம் என்கிறார், ஆனால் இருவகைக் கதையையும் சொல்ல வேண்டும் என்கிறார். ஒரு சிறு ஐயம்: கோட்டையை முதலில் பார்ப்பதா, மலையை முதலில் பார்ப்பதா?

பழஞ்சுவடி:

மலையை முதலில் பாருங்கள், காலையிலேயே. இன்று நிற்பது 1874இல் இடித்த கோட்டையை 1965இல் கான்கிரீட்டில் மீண்டும் எழுப்பியது. அதை அருகில் பார்த்துவிட்டு மலை ஏறினால், அங்கிருந்து அடையாளம் காண்பது எளிதாகிவிடும். அந்தச் சிலையின் பக்கத்தில் நின்று, யாரும் சுட்டிக் காட்டாமல், உங்கள் மகனே அதைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். மதியம் கோட்டையின் மேல்தளத்தில் ஏறி, அங்கிருந்து மலையைத் தேடச் சொல்லுங்கள்.